ஊதிக் கொடுத்தவள்

மூச்சுப்பூட்டு வந்த புதிதில் எங்கள் ஊர்க்காரர்கள் அதை ஒரு வாரம்தான் மதித்தார்கள்.

விஷயம் எளிது. காரானாலும் வேனானாலும் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் பென்சில் தடிமனில் ஒரு குழாய் இருக்கும். அதில் ஊதினால்தான் வண்டி கிளம்பும். மூச்சில் மது துளி இருந்தாலும் கிளம்பாது. முதல் வாரம் எல்லோரும் நல்ல பிள்ளைகளாக ஊதினார்கள். அடுத்த வாரம் மதுக்கடை வாசலில் பலூன் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். பலூனுக்குள் யாரோ குடிக்காத புண்ணியவானின் மூச்சு. அப்புறம் சைக்கிள் பம்ப் வந்தது. ஒருவர் தன் நாயை ஊதவைக்கப் பார்த்து மூக்கில் கடி வாங்கினார் என்றுகூடக் கேள்விப்பட்டேன். நம் ஆட்கள் இந்த மூளையை நல்ல காரியத்துக்குச் செலவழித்திருந்தால் இந்நேரம் நிலாவில் நாலு கல்யாண மண்டபம் கட்டியிருப்போம்.

பொறியாளர்களும் சும்மா விடவில்லை. அடுத்து வந்த பூட்டு மூச்சின் சூட்டைப் பார்த்தது, ஈரத்தைப் பார்த்தது, ஊதியவரின் நுரையீரல் அடையாளத்தையே பார்த்தது. கைரேகை மாதிரி மூச்சுரேகை. இனி உயிருள்ள மனிதர்தான் ஊதவேண்டும், அவர் குடித்திருக்கவும் கூடாது. பலூன் வியாபாரம் படுத்துவிட்டது.

ஆனால் உயிருள்ள, குடிக்காத ஓர் ஆள்தான் எல்லாக் காரிலும் இருக்கிறாளே. பக்கத்து சீட்டில், மடியில் பையோடு.

ஊதியவரே ஓட்டுகிறாரா என்று பார்க்க ஒரு கேமரா வைத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கார் கம்பெனிகள் செலவு என்றன. கார் வைத்திருந்தவர்கள் அந்தரங்கம் என்றார்கள். அரசாங்கம் செலவில்லாத வழியைப் பிடித்து ஒரு சட்டம் போட்டது. காரைக் கிளப்பிய மூச்சு யாருடையதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓட்டுநர். உயிர் போனால் பெரிய தண்டனை அவருக்கு. ஸ்டியரிங் பிடித்தவனுக்குச் சின்னது.

அதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். குடித்தவனுக்குப் புத்தி தெளிவாக இல்லை, தெளிவாக இருந்தவர் ஊதியவர்தான், தடுத்திருக்க வேண்டியவரும் அவர்தான். காகிதத்தில் படித்தால் நியாயமாகத்தான் தெரிகிறது. ஜெயிலுக்குப் பயந்து இனி யாரும் ஊதிக் கொடுக்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள். நினைத்தவர்களில் ஒருவர்கூடப் பொண்டாட்டியாக இருந்து பார்த்ததில்லை போலிருக்கிறது.

இரண்டே வருடத்தில் பெண்கள் சிறையில் இடம் போதவில்லை. உள்ளே அவர்களுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். திருடினவங்க, அடிச்சவங்க, ஊதினவங்க.

என் பெயர் ஹெப்சிபா. அமராவதிக் கரையில் ஒரு சின்ன ஊரில் வக்கீலாக இருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதனால் யாருக்கும் ஊதிக் கொடுக்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் வந்த ஊதின வழக்குகளில் பல மறந்துவிட்டன. மைதிலியின் வழக்கு மட்டும் மறக்கமாட்டேன் என்கிறது.

*

முதல் தடவை அவளைச் சிறையில் பார்த்தபோது அவள் என்னைக் கேட்ட கேள்வி இது.

"ஏனுங்க வக்கீலம்மா, நான் ஸ்டியரிங்கத் தொடவே இல்லீங்களே. அப்பறம் எப்பிடிங்க நான் ஓட்டுனதா ஆகும்?"

"தொடவேண்டியதில்லை மைதிலி. உன் மூச்சுதான் வண்டியைக் கிளப்பியிருக்கு. சட்டத்துக்கு அது போதும்."

"அவரு ஊதுனா கிளம்பாதுங்களே."

"அதேதான். கிளம்பாதுன்னு தெரிஞ்சுதானே நீ ஊதினே? அதைத்தான் குத்தம்னு எழுதியிருக்காங்க."

அவளுக்கு முப்பத்தாறு வயது. கணவன் தரணிதரனுக்குக் கோழிப்பண்ணை. பண்ணையின் கணக்கு முழுவதும் இவள் கையில். தினமும் காலையில் மகள் மிதுனாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, தீவன ஆலைக்குப் போய், வங்கிக்குப் போய் வருகிறவள். எல்லாம் அதே காரில், அவளே ஓட்டிக்கொண்டு. இதைக் குற்றப்பத்திரிகையில் படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை.

"உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே. அவன் குடிச்சிருந்தா நீ ஓட்டிட்டு வந்திருக்கலாமே?"

"வந்திருக்கலாமுங்க."

"அப்புறம்?"

"குலசாமி கோயில்ல கெடா வெட்டுங்க. பங்காளிக அத்தனை பேரும் நிக்கறாங்க. அவிய முன்னால நான் ஸ்டியரிங்ல உக்காந்து, அவரு பக்கத்துல உக்காந்து வந்தார்னா, தரணியப் பொண்டாட்டி கூட்டிட்டுப் போறான்னு அடுத்த கெடா வெட்டு வரைக்கும் பேசுவாங்க. அவருக்குத் தாங்காதுங்க."

"அதனால ஊதிக் கொடுத்தே."

"எப்பவும் அப்பிடித்தானுங்க. கல்யாணம், காது குத்து, எதுக்குப் போனாலும் நான் ஊதுவேன், அவரு எடுப்பாரு. ஆளுக கண்ணுக்கு மறையற வரைக்கும் அவரு ஓட்டுவாரு. அதுக்கப்பறம் ஓரமா நிறுத்தி மாறிக்குவோம். நான் ஓட்டிட்டு வந்துருவேன். அன்னிக்கும் வாய்க்கால் பாலத்துக்கிட்ட மாறிக்கலாம்னு இருந்தமுங்க."

பாலத்துக்கு முன்னால் பால் சொசைட்டி இருக்கிறது. மத்தியானப் பால் ஊற்றிவிட்டு ரத்தினசாமி என்ற மனிதர் மொபெட்டில் ரோட்டுக்கு ஏறினார். அவர் ஒழுங்காக இரண்டு பக்கமும் பார்த்துத்தான் ஏறினார் என்று நேரில் கண்டவர்கள் சொல்கிறார்கள். தரணிதரன் அவரைப் பார்த்தான். பார்த்ததற்கும் பிரேக்கை மிதித்ததற்கும் நடுவில் கார் அவரை அடித்துத் தாண்டிப் போய்விட்டது. அந்த இடத்திலேயே அவர் உயிர் போனது.

"நான் கத்துனனுங்க," என்றாள் மைதிலி. "அவரு என்னைத் திரும்பிப் பார்த்தாருங்க. ரோட்டைப் பார்க்காம என்னைப் பார்த்தாரு."

கிளம்பும் முன் அவளுக்கு இருந்த ஒரே வழியைச் சொன்னேன். சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஓட்டியவன் வற்புறுத்தி ஊதவைத்திருந்தால் பொறுப்பு முழுக்க அவன் தலைக்குப் போய்விடும். ஊதியவள் வீட்டுக்குப் போகலாம். வற்புறுத்தல் என்றால் அடி, மிரட்டல் என்றுதான் இல்லை. குடித்த கணவன் "ஊது" என்று ஒரு வார்த்தை சொன்னாலே போதும், ஒரு ஜாடை காட்டினாலும் போதும் என்று மேல்கோர்ட் தீர்ப்பு இருக்கிறது. ஏதோ ஒரு நல்ல மனிதர் எழுதிய தீர்ப்பு.

"தரணி சொன்னானா?"

"சொன்னாருங்க. 'மைதிலி, ஊது'ன்னு சொன்னாரு. எப்பவும் சொல்லுவாரு."

"அதுக்கு ஆதாரமும் இருக்கு. பூட்டுக்குள்ள ஒரு மைக் இருக்கு. ஊதறதுக்கு முந்தைய அரை நிமிஷப் பேச்சு அதுல பதிவாகும். யாரும் தில்லுமுல்லு பண்ணக் கூடாதுன்னு வெச்சது. கோர்ட்லதான் அதைத் திறப்பாங்க. அவன் குரல் அதுல இருந்தா நீ வெளியே."

அவள் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். மாறாக, அவள் பயந்துபோனாள்.

"அப்ப அவரு உள்ள போயிருவாருங்களா?"

பொறுமையாக இருக்கவேண்டும் என்று என் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன்.

*

தரணிதரன் ஜாமீனில் வெளியே இருந்தான். ஓட்டியவனுக்கு ஆறு மாதம்தான், அதையும் விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டிருந்தான். லைசென்ஸ் ஆயுளுக்கும் போய்விட்டது. என் அலுவலகத்துக்கு டவுன் பஸ்ஸில் வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். குடியை விட்டுவிட்டதாகச் சொன்னான். எல்லோரும் அப்புறம்தான் விடுகிறார்கள்.

"அஞ்சு வருஷம்னா நன்னடத்தைக்குக் கழிச்சு மைதிலி எப்ப வருவாங்க வக்கீலம்மா?" என்று கேட்டான்.

"அஞ்சு வருஷம்னு முடிவே பண்ணிட்டியா?"

"நான் பண்ணலீங்க. எங்க பெரியப்பா சொல்றாரு, பொம்பளைக்குன்னா சீக்கிரம் விட்டுருவாங்களாம். நான் போனா எட்டு வருஷமாம். பண்ணையப் பார்க்க ஆளில்லீங்களாம்."

"பண்ணையைப் பார்த்தது மைதிலிதானே?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான் பேசியதை இங்கே எழுதினால் பார் கவுன்சில் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கும். சுருக்கமாகச் சொன்னால், உன் பெரியப்பாவையே அழைத்துவந்து குழாயில் ஊதச் சொல் என்றேன். அவன் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். மைதிலியோ அவனை மாட்டிவிடமாட்டாள், இந்த வழக்கு அவ்வளவுதான் என்று காகிதக் கட்டைத் தூக்கி அலமாரியில் வைத்தேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை மகளும் கூட வந்திருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண். அம்மாவின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டிருந்தாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்தான்.

"நான் சொல்லீர்றனுங்க," என்றான்.

"என்னன்னு?"

"நாந்தான் ஊதச் சொன்னேன்னு. நெஜமும் அதுதானுங்களே. 'ஊது'ன்னு நான்தான் சொன்னேன். நல்லா ஞாபகம் இருக்குதுங்க. அவ வேண்டாம்னுகூடச் சொன்னா."

"எட்டு வருஷம் தரணி."

"மிதுனா எங்கூடப் பேசறதில்லீங்க. ஒரு வருஷமாச்சு. சோறு போட்டா திங்கறா, அவ்வளவுதான். நேத்து ராத்திரி வந்து கேட்டா, 'அப்பா, நீங்க குடிச்சதுக்கு அம்மா ஏன் ஜெயில்ல இருக்காங்க?'ன்னு. நான் என்னங்க சொல்லறது?"

அவன் அழுதான். நான் தண்ணீர் கொடுத்தேன். அந்த நிமிடம் அவன்மேல் எனக்கிருந்த கோபம் எல்லாம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பாதி போனது. அவன் குரல் பூட்டுக்குள் இருந்தால், அவனே வந்து ஒப்புக்கொண்டால், மைதிலி நாளைக்குச் சாயங்காலமே வீட்டில் இருப்பாள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

*

கோர்ட் வராந்தாவில் ரத்தினசாமியின் மனைவி கௌசல்யா எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். கூட யாரும் இல்லை. போலீஸ்காரர்கள் மைதிலியை அழைத்துவந்து அதே வராந்தாவின் மறுகோடியில் நிறுத்தினார்கள். நான் நடுவில் நின்றுகொண்டேன். ஏதாவது சத்தம் வரும், சாபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அது அந்த அம்மாவின் உரிமை.

கௌசல்யா எழுந்து நேராக மைதிலியிடம் வந்தார். அருகில் நின்ற பெண் காவலர் தடுக்கவில்லை.

"உங்களுக்குக் காரு ஓட்டத் தெரியாதுங்களா?" என்று கேட்டார்.

"தெரியுமுங்க."

"லைசென்ஸ் இல்லீங்களா?"

"இருக்குதுங்க. அன்னிக்கும் கைப்பையில இருந்துச்சுங்க."

கௌசல்யா இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவரின் முகம்.

"அப்பறம் ஏனுங்க?" என்றார்.

மைதிலி வாயைத் திறந்தாள். பங்காளிகள், கெடா வெட்டு, அவருக்குத் தாங்காது என்று என்னிடம் சொன்னதில் ஒன்றையும் இவரிடம் சொல்லமுடியவில்லை. இவர் முன்னால் அந்தக் காரணங்களைச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? கௌசல்யா பதிலுக்காக நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே முதலில் தரணிதரனைக் கூண்டில் ஏற்றினேன். சொன்னபடியே சொன்னான். "என்ற சம்சாரம் வேண்டாம்னு சொல்லுச்சுங்க. நாந்தான் 'ஊது'ன்னு சத்தம் போட்டேன். தப்பு பூராவும் என்னுதுங்க." பின் பெஞ்சில் அவன் பெரியப்பா எழுந்து வெளியே நடந்தார். மிதுனா முதல் தடவையாக அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அரசு வக்கீல் குறுக்கு விசாரணைகூடச் செய்யவில்லை. "பதிவைக் கேட்டுவிடலாமே," என்றார். நானும் அதையே கேட்டேன். நீதிபதி ஓய்வுக்கு நெருங்கிய, நிதானமான மனிதர். பதிவின் முத்திரையை உடைக்கச் சொன்னார்.

கார்க் கதவு சாத்தும் சத்தம் முதலில் கேட்டது. வெளியே எங்கோ மேளம். மிதுனாவின் குரல், "அம்மா, ஏசி போடச் சொல்லுங்க, வேகுது." பிறகு மைதிலியின் குரல். "போசியக் கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு, கொழம்பு சிந்தீரும்." வளையல் சத்தம். வெளியே ஓர் ஆண் குரல், "தரணி, பார்த்துப் போப்பா." யாரோ சிரிக்கிறார்கள். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு நீளமாக ஒரு மூச்சு. அதன்பின் பூட்டின் குரல், தேன் தடவிய பெண் குரல், "நன்றி. பயணம் இனிதாகட்டும்."

அவ்வளவுதான்.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டார்கள். ஏசி, போசி, வளையல், பார்த்துப் போப்பா, மூச்சு. தரணிதரனின் குரல் அதில் எங்குமே இல்லை.

அவன் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "சொன்னனுங்களே," என்றான். "நான் சொன்னனுங்களே." அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அப்படித்தான் ஞாபகம். மைதிலிக்கும் அப்படித்தான் ஞாபகம். எப்போதோ, முதல் ஒன்றிரண்டு தடவைகள் அவன் சொல்லியிருப்பான், அவள் வேண்டாம் என்றும் சொல்லியிருப்பாள். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவேண்டிய தேவையே வரவில்லை. எத்தனை வருடமாக அந்தக் காருக்குள் அந்த வார்த்தை சொல்லப்படாமலே கேட்டுக்கொண்டிருந்ததோ.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் மனசு இருந்தது. சட்டம் அனுமதித்த கடைசி அடி வரைக்கும் அவர் வந்தார்.

"அம்மா, பேச்சு இல்லை என்பதால் மட்டும் இதை நான் முடித்துவிடவில்லை. அவர் கையால் ஜாடை காட்டியிருக்கலாம். குழாயை உங்கள் பக்கம் திருப்பியிருக்கலாம். ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அதுவும் வற்புறுத்தல்தான். யோசித்துச் சொல்லுங்கள். அப்படி ஏதாவது நடந்ததா?"

கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு வெளியே வா என்கிறார். "ஆமாங்க" என்று ஒரு வார்த்தை போதும். ஜாடைக்கு யாரும் சாட்சி கேட்கமுடியாது. தரணிதரனே தலையை ஆட்டி ஆட்டி அவளைக் கெஞ்சினான். நான் என் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்லு பெண்ணே, சொல்லித் தொலை என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

மைதிலி பின்னால் திரும்பிக் கௌசல்யாவைப் பார்த்தாள்.

"இல்லீங்கய்யா," என்றாள். "அவரு என்னைப் பார்க்கவே இல்லீங்க. கண்ணாடியில தலை சீவிக்கிட்டு இருந்தாரு. நானேதான் எட்டி ஊதுனனுங்க."

பிறகு, யாரும் கேட்காமலே, கௌசல்யாவிடம் சொன்னாள். "ஏன்னு கேட்டீங்களே அக்கா. எனக்கே தெரியலீங்க. பழகிப்போச்சுங்க."

கௌசல்யா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஐந்து வருடம். நீதிபதி தீர்ப்பை மெதுவான குரலில் படித்தார். படித்து முடித்ததும் யாரையும் பார்க்காமல் எழுந்து போனார். ஜெயிக்கவேண்டிய வழக்கில் தோற்றிருக்கிறேன், தோற்கவேண்டிய வழக்கில் ஜெயித்தும் இருக்கிறேன். இது இரண்டிலும் சேராதது. அவள் நிரபராதி என்று எனக்கு அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை. ஆனால் அந்தக் காருக்குள் தலை சீவிக்கொண்டிருந்தவன் வெளியே நிற்க, குழம்பு சிந்தாமல் பார்த்துக்கொண்டவள் உள்ளே போவதை என்னால் ஏற்கவும் முடியவில்லை. வயிற்றெரிச்சல் என்று சொல்வார்களே, அதுதான்.

*

கோர்ட்டுக்குப் பின்பக்கம் வேன் நின்றது. வேப்பமர நிழலில் அம்மாவும் மகளும் பேசிக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? பரீட்சை எப்போது, வயிற்று வலி வந்தால் எந்த மாத்திரை, யூனிஃபார்ம் சிறிதாகிவிட்டதா. தரணிதரன் பத்தடி தள்ளி நின்றான். கிட்டே வர அவனுக்குத் தைரியம் இல்லை. மைதிலிதான் கூப்பிட்டாள்.

"மாமா, பண்ணையில தண்ணித் தொட்டி கழுவி நாளாயிருக்கும். பாருங்க."

"சரி," என்றான்.

நேரமாயிற்று என்று பெண் காவலர் சொன்னார். நாற்பது வயது இருக்கும், நல்ல மாதிரியான பெண்மணி. மைதிலியின் கையைப் பிடித்திழுக்காமல் பக்கத்திலேயே நடந்தார். அவளைப் பின்கதவு வழியாக ஏற்றப்போகும் நேரத்தில் டீக்கடைப் பக்கமிருந்து டிரைவர் வந்தார். கண் சிவந்திருந்தது. பாக்குப் போட்டிருந்தார். யாரிடமும் ஒன்றும் பேசாமல் முன்பக்கம் ஏறி, இருக்கையைச் சரிசெய்துகொண்டு, போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

பெண் காவலர் மைதிலியின் தோளில் தட்டி, "ஒரு நிமிஷம் இரும்மா," என்றார். வேனைச் சுற்றிக்கொண்டு முன்னால் போனார். இடப்பக்கக் கதவைத் திறந்தார். ஒரு காலைப் படியில் வைத்து உள்ளே எட்டிக் குனிந்தார்.

எனக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் மைதிலி சத்தம் போட்டாள்.

"அக்கா! ஊதாதீங்க!"

கோர்ட் வளாகமே திரும்பிப் பார்த்தது. இத்தனை மாதங்களில் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. பெண் காவலர் வாயருகே குழாயோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அவருக்குச் சளிம்மா," என்றார் தடுமாறி. "அவரால ஊத முடியல, அதான்..."

"அவரே ஊதட்டுமுங்க. ஊதாம நான் ஏறமாட்டேன்."

டிரைவர் போனிலிருந்து கண்ணை எடுத்தார். அதிகாரமாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் கூட்டம் சேர்வதைப் பார்த்தார், கறுப்புக் கோட்டோடு நான் நிற்பதையும் பார்த்தார். பெண் காவலர் குழாயைப் பார்த்தார், மைதிலியைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார், குழாய்க்குள் இல்லை, வெளியே. பிறகு காலைப் படியிலிருந்து கீழே எடுத்து வைத்தார்.

"ஊதுங்க அண்ணே," என்றார் டிரைவரிடம். "நீங்களே ஊதுங்க."

டிரைவர் ஊதவில்லை. சாவியை இருக்கையில் போட்டுவிட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் டீக்கடைப் பக்கமே திரும்பி நடந்தார். வேறு டிரைவர் வரவேண்டும், வர ஒரு மணி நேரமாவது ஆகும் என்று பெண் காவலர் போனில் கேட்டுச் சொன்னார். அதுவரை வேப்பமரத்தடியிலேயே உட்காரலாம் என்றார்.

மிதுனா ஓடிவந்து அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். மைதிலி அவள் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தேன். நன்றாகச் சொன்னாய் என்று பாராட்டலாம் என்றுதான் போனேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்போதுதான் முதல் தடவையாகத் தண்ணீர் பொங்கியது.

"இவ்வளவுதானுங்களா வக்கீலம்மா?" என்றாள். "சொல்றது இவ்வளவு சுலபமாங்க?"